ஹெவி லைசென்ஸ் தேர்வுக்கு முன் லாரியில் பிரேக் விளக்கு எரிந்தால்

மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அரசாணையில் எழுதினாலும், வடசென்னையில் இன்றும் அவரை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் அழைக்கிறோம். பதவியின் பேச்சு வழக்குப் பெயரிலேயே பிரேக் இருக்கும்போது, அவர் முன் கொண்டுபோய் நிறுத்தப்போகும் லாரியின் டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் பிரேக் விளக்கை மட்டும் பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ரிவர்ஸ் எடுப்பதிலும் கியர் மாற்றுவதிலும் வாரக்கணக்கில் உழைத்தவர்கள், விளக்கைப் பற்றிக் கேட்டால், "அது எப்பவும் அப்படித்தாண்ணே எரியும்" என்கிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் பல ஆண்டுகள் கன்டெய்னர் லாரி ஓட்டிவிட்டு, இப்போது மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்தில் பயிற்சி பெறுபவர்களின் அருகே அமர்ந்து போகிறவன் என்ற முறையில், அந்த விளக்கு எரிந்தால் என்னென்ன பார்க்க வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது, எப்போது தேர்வையே தள்ளிப்போட வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

முதலில் எரிவது எந்த விளக்கு என்று தெளிவாகப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி இருந்து, அதன் இருபுறமும் வளைகோடு இருந்தால் அது பிரேக் அமைப்பின் பொது எச்சரிக்கை; ஏர் பிரேக் லாரிகளில் பெரும்பாலும் காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். அதே வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்து இருந்தால் ஹேண்ட் பிரேக் போடப்பட்டிருக்கிறது, அல்லது முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். மஞ்சள் நிறத்தில் 'ஏபிஎஸ்' என்று எரிந்தால் அது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன். பழைய லாரிகளில் படக்குறி எதுவும் இல்லாமல் ஒரு சிவப்பு விளக்கும், கூடவே கத்தும் பஸ்ஸரும் மட்டும் இருக்கும்.

இந்த விளக்கின் பேச்சு புரிய வேண்டுமானால், ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது சிறிதாவது தெரிந்திருக்க வேண்டும். இஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி அனுப்புகிறது. அந்தக் காற்றிலுள்ள ஈரத்தை ஏர் டிரையர் பிரித்தெடுக்கிறது. பிறகு அது தனித்தனி டேங்குகளில் சேர்கிறது. முன்சக்கர பிரேக்குக்கு ஒரு சுற்று, பின்சக்கர பிரேக்குக்கு ஒரு சுற்று, ஹேண்ட் பிரேக்குக்கு ஒன்று என்று இவற்றைப் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம், ஒரு பக்கத்துக் குழாய் வெடித்தாலும் மறுபக்கத்தில் காற்று மிஞ்ச வேண்டும் என்பதே. மிதிக்கும்போது காற்று பிரேக் சேம்பருக்குள் போய் டயாபிரம் என்ற ரப்பர் தகட்டைத் தள்ளுகிறது, அது தண்டைத் தள்ளுகிறது, தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, லைனர் சக்கரத்தின் டிரம்மோடு உரசுகிறது. ஹேண்ட் பிரேக் இதற்கு நேர்மாறானது: அதைப் பிடிப்பது சேம்பருக்குள் இருக்கும் வலுவான ஸ்பிரிங், காற்று அந்த ஸ்பிரிங்கை அழுத்தி வைத்து வண்டியை விடுவிக்கிறது. ஆகவே காற்று போதாமல் போனால் மிதி பிரேக் பலவீனமாவதோடு நிற்காது. பின்சக்கரங்களை ஸ்பிரிங் தானாகவே பிடித்துக்கொள்ளும். நம் ஊருக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. பாடியில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் இந்த ஏர் பிரேக் பாகங்களைத்தான் செய்யத் தொடங்கியது. எண்ணூரில் தயாரான லேலண்ட் லாரியில் பாடியில் செய்த வால்வு பூட்டியிருந்த காலத்தை மூத்த டிரைவர்கள் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இனி சோதனைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். இப்போது எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும். டேங்கில் காற்று இல்லாதபோதும் பிரேக் விளக்கு எரியவில்லை என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். பல்பு போயிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், யாராவது ஒயரைக் கழற்றி வைத்திருக்கவும் கூடும். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு, அணைய வேண்டிய நேரத்தில் அணையாத விளக்கைவிட மோசமானது என்பது என் அனுபவம்.

அடுத்து இஞ்சினை ஓட விட்டு, சற்றே ஆக்ஸிலேட்டர் கொடுத்து, காற்றழுத்த மீட்டரில் சுற்றுக்கு ஒன்றாக உள்ள இரண்டு முட்களையும் பாருங்கள். சில நாட்கள் ஓடாமல் நின்ற பயிற்சி லாரியில் காலையில் காற்று முழுக்க இறங்கியிருப்பது வழக்கமானது. முழுதாக ஏறச் சில நிமிடங்கள் பிடிக்கும். காற்றழுத்தம் ஏறத்தாழ 5 பார் அளவைத் தாண்டியதும் பெரும்பாலான வண்டிகளில் சிவப்பு விளக்கு அணைந்து பஸ்ஸர் நிற்கும். 7 முதல் 8 பார் வரை போனதும் ஏர் டிரையர் 'புஸ்' என்று ஒருமுறை காற்றை வெளியே தள்ளும். அது கோளாறு இல்லை. டேங்க் நிரம்பிவிட்டது என்று வண்டி சொல்லும் செய்தி. இந்த எண்கள் மாடலுக்கு மாடல் சிறிது மாறும் என்பதால், அந்த லாரியின் கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ளுங்கள். மீட்டர் பி.எஸ்.ஐ. கணக்கில் இருந்தால், 1 பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ.

இங்கேதான் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடுகிறது. இரண்டு முட்களும் ஒழுங்காக ஏறி, விளக்கும் அணைந்தால், நீங்கள் பார்த்தது ஓடாமல் நின்ற வண்டியின் இயல்பான காற்றிறக்கம் மட்டுமே. இரண்டும் மெதுவாக ஏறினால் கம்ப்ரஸரின் மீதோ பொதுவான கசிவின் மீதோ சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் ஏறாமல் பின்தங்கினால் கோளாறு அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கனரக உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு, இஞ்சின் வேலை செய்யும் வேகத்தில் ஓடும்போது 85 பி.எஸ்.ஐ.யிலிருந்து 100 பி.எஸ்.ஐ.க்கு 45 விநாடிகளுக்குள் காற்று ஏற வேண்டும் என்று சொல்லித்தருகிறார்கள். நம் லாரிகளுக்கும் அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

காற்று நிரம்பியதும் இஞ்சினை நிறுத்தி, கட்டைகள் உறுதியாக இருக்கின்றனவா என்று மறுபடி பார்த்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு நிமிடம் மீட்டரை மட்டும் பாருங்கள். பிறகு ஒருவர் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் வண்டியைச் சுற்றிக் காது கொடுத்து நடக்க வேண்டும். டிரெய்லர் இல்லாத லாரியில், மிதிக்காதபோது ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேலும், மிதித்த தொடக்க இறக்கத்துக்குப் பிறகு 3 பி.எஸ்.ஐ.க்கு மேலும் இறங்கக் கூடாது என்பதும் அதே அமெரிக்கப் பாடத்தில் உள்ள கணக்குதான். மிதிக்கும்போது மட்டும் 'உஸ்' என்று கேட்டால் டயாபிரம் கிழிந்திருக்கலாம், அல்லது மிதியோடு சேர்ந்த ஃபுட் வால்வில் கோளாறு இருக்கலாம். மிதிக்காமலே கேட்டால் டேங்க், குழாய், இணைப்பு நட்டுகள், ஹேண்ட் பிரேக் வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். மணலி சாலையின் இரைச்சலில் சிறிய கசிவு காதில் விழாது. சந்தேகமுள்ள இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை கிளம்பி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சர் கடைக்காரர் ட்யூபில் செய்வதும் இதே வேலைதான். எக்காரணம் கொண்டும் இந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். எட்டிக் கேட்டால் போதும்.

விளக்கையே சோதிப்பதற்கும் ஒரு வழி உண்டு. இஞ்சின் நின்ற நிலையில் சாவியை மட்டும் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறைத்துக்கொண்டே வந்தால், எந்த அளவில் விளக்கும் பஸ்ஸரும் வருகின்றன என்பதை மீட்டரில் நேரில் பார்க்கலாம். முள் நன்றாக மேலே இருக்கும்போதே விளக்கு எரிந்தால் அழுத்தம் குறைந்தால் விளக்கை எரிய விடும் பிரஷர் சுவிட்சின் மீதும் ஒயரின் மீதும் சந்தேகம் திரும்ப வேண்டும். கடற்கரையை ஒட்டிய எண்ணூர், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் நிற்கும் வண்டிகளுக்கு இது அடிக்கடி வரும் நோய். உப்புக் காற்று ஒயர் முனைகளில் பச்சைப் பூசணம்போல் களிம்பு ஏற்றி, சுவிட்சின் இணைப்பைக் கெடுத்துவிடுகிறது. ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் அதைச் சுத்தம் செய்துவிட்டால் பல வேளைகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆயினும் மீட்டரும் பொய் சொல்லக்கூடும் என்பதால், வேறொரு கேஜை மாட்டிப் பார்த்து உண்மையான அழுத்தம் உறுதியாகும் வரை, 'வெறும் சுவிட்ச்தான்' என்று முடிவு கட்டாதீர்கள்.

டேங்கிலிருந்து தண்ணீர் இறக்குவதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் செலவே இல்லாத இந்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. சென்னைக் காற்றில் ஆண்டு முழுதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். டிரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருந்தால் அந்த ஈரம் டேங்கின் அடியில் தண்ணீராகத் தங்கி, காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வால்வுகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஒவ்வொரு டேங்கின் அடியிலும் உள்ள வளையத்தை இழுத்தோ திருகியோ திறந்தால் அது வெளியேறிவிடும். வெளியே வருவதை ஒரு பழைய துணியில் பிடித்துப் பாருங்கள். சில சொட்டுத் தண்ணீர் என்றால் இறக்கிவிட்டு மூடலாம். குவளைக் கணக்கில் வந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுப்பாக எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்து இஞ்சின் ஆயில் காற்றோடு போகிறது என்று பொருள். அதைத் தேர்வுக்கு முந்தைய மாலையில் யாராலும் சரிசெய்ய முடியாது. திறந்த வால்வுகளை எல்லாம் மறக்காமல் மூடிவிட்டு, காற்றை மறுபடி முழுதாக ஏற்றுங்கள். மூட மறந்துவிட்டு, காற்று ஏறவில்லையே என்று அரை மணி நேரம் தவித்த டிரைவர்களில் நானும் ஒருவன்.

என் தேர்வுக் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் பயின்ற பயிற்சிப்பள்ளியின் லாரியில் பிரேக் விளக்கு எரியவே எரியாது. வண்டி அருமையாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். தேர்வு நாளில் ரிவர்ஸ் எடுக்கும்போது, பதற்றத்தில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். இஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது இப்படி அடிக்கடி மிதித்தால், கம்ப்ரஸர் அனுப்புவதைவிடச் செலவாகும் காற்று அதிகம். அதோடு ஏற்கெனவே ஒரு கசிவும் இருந்தது. பாதி வளைவில் பின்சக்கரங்களை ஸ்பிரிங் பிடித்துக்கொள்ள, இஞ்சின் உறுமி அணைந்தது. அதிகாரி இறங்கச் சொன்னார். அதன் பிறகுதான், விளக்கின் பல்பையும் பஸ்ஸரின் ஒயரையும் பள்ளியிலேயே கழற்றி வைத்திருந்தார்கள் என்று கிளீனர் பையன் சொன்னான். துறைமுக வாயிலில் கன்டெய்னர் வரிசையில் நகர்ந்து நகர்ந்து நிற்கும்போதும் காற்று இதேபோலத்தான் கரையும். அங்கே மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்த ஒரு நாளால்தான்.

நீங்களாகத் தொடக் கூடாதவை இரண்டு. முதலாவது, பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் சேம்பர். அதற்குள் அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் பயங்கர விசை கொண்டது. கிளாம்பைக் கழற்றித் திறந்தால் மூடி பறந்து வந்து ஆளையே கொன்றுவிடும். அதற்குரிய போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை முதலில் கட்டிவிட்டு வேலை செய்யத் தெரிந்த மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் அதன் பக்கம் போக வேண்டாம். இரண்டாவது, ஸ்லாக் அட்ஜஸ்டர். கையால் முறுக்கும் பழைய வகையில் லைனர் தேயத் தேய இடைவெளி கூடி, தண்டு கூடுதல் தூரம் நகர வேண்டிவந்து, காற்றும் அதிகம் செலவாகும். ஒரு சக்கரத்தை மட்டும் இறுக்கிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகையில் இடைவெளி கூடியிருந்தால் உள்ளே வேறு கோளாறு இருக்கிறது. அதை ஸ்பேனரால் திருகுவது நோயை மூடி மறைப்பதாகும். இரண்டுக்கும் பட்டறைதான் இடம்.

ஏபிஎஸ் விளக்கு பற்றிச் சுருக்கமாக: சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்து சற்று வேகம் பிடித்ததும் அணைந்தால் அது இயல்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதும் அணையாவிட்டால், சக்கரத்தருகே உள்ள சென்சாரில் சேறோ, அறுந்த ஒயரோ காரணமாக இருக்கலாம். சாதாரண பிரேக் வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பாதுகாப்பு மட்டும் இருக்காது. அதைத் தேர்வுக்கு முன் சரிசெய்துவிடுவது நல்லது. முடியாமல் போனால் ஈரச் சாலையில் திடீரென்று அழுத்தி மிதிக்காதீர்கள். சிறிய ரக வண்டிகளில் ஆயில் பிரேக் இருந்தால், சிவப்பு விளக்குக்கு முதலில் பிரேக் ஆயில் டப்பாவின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் லைனர் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ ஒழுகுகிறது. டப்பா மூடியில் எழுதியுள்ள வகை ஆயிலை ஊற்றுவதோடு நின்றுவிடாமல், சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்குத் தேர்வு நாள் காலை ஏற்றதல்ல. இரண்டு நாட்களுக்கு முன்பே மாஸ்டரிடம், "தேர்வுக்கு எந்த வண்டி சார் வருது? ஒரு தடவை ஏர் ஏத்திப் பாத்துடலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கசிவு இருந்தால் சொல்லுங்கள். பழுது பார்க்க நேரம் இல்லையென்றால் வேறு லாரி கேளுங்கள். கேட்கத் தயங்குகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கட்டணம் கட்டிப் பயில்கிறவருக்கு ஒழுங்காக நிற்கும் வண்டியைக் கேட்கும் உரிமை உண்டு. பாதுகாப்பற்ற நிலையிலுள்ள வாகனத்தை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 190ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். பயிற்சிப்பள்ளி கொடுத்த வண்டி என்பது அங்கே விடையாகாது. கற்றுக்கொள்வோர் உரிமம் (எல்.எல்.ஆர்.) ஆறு மாதங்கள் செல்லும் என்பதால், காலாவதி நெருங்காதவர்கள் தேர்வை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வதில் இழப்பு எதுவும் இல்லை. பழுதான வண்டியில் போய்த் தோற்றால் மறுதேர்வுக்கு ஏழு நாட்களாவது காத்திருக்க வேண்டும். பட்டறையில் வண்டி இரண்டு நாள் நிற்பதற்கும் இதற்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்.எல்.ஆர். முடியும் தறுவாயில் இருப்பவர்கள் மட்டும், முதல் நாளே மாற்று வண்டியை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தேர்வு நாளில் அரை மணி நேரம் முன்னதாகப் போய், காற்றை முழுதாக ஏற்றி, டேங்குகளில் தண்ணீர் இறக்கி, விளக்கு அணைந்ததை உறுதிசெய்துகொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது இஞ்சினை அணைத்திருந்தால், உங்கள் முறை வருவதற்கு முன் மறுபடி ஓட விட்டு முட்களைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 15ஆம் விதி, இஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளையும், தேவைப்படும்போது வண்டியை நிறுத்தும் திறனையும் தேர்வில் பார்க்க வேண்டியவற்றோடு சேர்த்தே சொல்கிறது. ஆகவே அதிகாரி ஏறி அமர்ந்ததும், "சார், ஏர் பாத்துட்டேன், ரெண்டு முள்ளும் ஏறியிருக்கு" என்று ஒரு வரி சொல்வதில் தவறு எதுவும் இல்லை. விளக்கில் சிறு சந்தேகம் இருந்தாலும் அதை மறைக்காமல் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விளக்கும் பஸ்ஸரும் வந்துவிட்டால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள்; ஒவ்வொரு மிதியும் மிஞ்சியிருக்கும் காற்றைத்தான் தின்னும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரைக் குறைத்து இஞ்சின் பிடிப்பில் வேகத்தை அடக்கி, இண்டிகேட்டர் போட்டு இடது ஓரமாக ஒதுங்கி, காற்று மிச்சம் இருக்கும்போதே ஒரே சீரான அழுத்தத்தில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இஞ்சினை அணைக்காமல் ஓட விடுங்கள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, காற்று இறங்கியதால் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டு, அனுமதி கேட்டு இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.